ஜலஜா வாயைத் திறந்த வியாழக்கிழமை

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஜலஜாவின் இஸ்திரி வண்டி நிற்கும். அன்று வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். கால்பந்து கோச் ஆண்டனி வீட்டுத் துணிமூட்டையை அவிழ்த்தாள். மேலாக நான்கு வெள்ளைச் சட்டைகள், இரண்டு பேன்ட், கோச்சின் மனைவி ஜெனிதா டீச்சருடைய காட்டன் சேலைகள் மூன்று. எப்போதும் வருகிற மூட்டைதான். சேலைகளுக்கு அடியில் கையை விட்டபோதுதான் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. உருவி எடுத்தாள்.

அரக்கு நிறத்தில் ஒரு டீ-ஷர்ட். மார்பில் ஒரு படகு, அதற்குள் ஒரு பந்து. திருப்பினால் முதுகில் பெரிய ஆங்கில எழுத்தில் 'கோச்' என்று அச்சடித்திருந்தது.

பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஜலஜா அதைத் திருடியவள் மாதிரி அவசரமாகச் சேலைக்கு அடியில் சொருகினாள்.

மந்தைவெளி வாண்டரர்ஸ் அணியின் நிறம் நீலம். அரக்கு, பட்டினப்பாக்கம் பாய்ஸின் நிறம். இரண்டு மைதானத்துக்கும் நடுவே நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நீலத்தைச் சேர்ந்தவன் அரக்குக்காரர்களோடு டீ குடித்தால்கூட மறுநாள் நாலு பேர் விசாரிப்பார்கள். அப்படியிருக்க, வாண்டரர்ஸின் கோச் ஆண்டனி வீட்டிலிருந்து பட்டினப்பாக்கத்துச் சட்டை வந்திருக்கிறது. அதுவும் லீக் முடிய இரண்டே ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது. அந்த இரண்டில் கடைசி ஆட்டம் பட்டினப்பாக்கத்தோடு.

இஸ்திரிக்காரிக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்காக ஜலஜாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது அடையாறு வண்ணாந்துறையில். அப்பா துவைத்து வரும் துணிகளைக் கொடியில் காயப்போடுவது அவள் வேலை. கொடிகளுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் பையன்கள் பந்து ஆடுவார்கள். வாரத்துக்கு இரண்டு வேட்டியாவது பந்து பட்டுச் சேறாகும். துவைத்ததையே மறுபடி துவைக்க வேண்டும். கோபத்தில் அவள் பந்தை எட்டி உதைப்பாள். எட்டு வயதில் ஆரம்பித்த உதை பன்னிரண்டு வயதில் மனையின் அந்தக் கோடி வரை போய் விழுந்தது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஒருத்தன்கூட ஆட வா என்று கூப்பிடவில்லை.

பிறகு கல்யாணம், மந்தைவெளி, தண்ணீர் லாரி ஓட்டும் புருஷன் ஏகாம்பரம், ஒரு பெண், இந்த வண்டி. பந்தே மறந்துபோயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் வாண்டரர்ஸ் அணியின் பனியன்களைத் தேய்க்கும் வேலை வந்தது. தேய்த்ததைக் கூடையில் வைத்து ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்தில் நின்ற வாண்டரர்ஸின் கோலி கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். "பந்தப் பாத்துப் புடிடா டேய்!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு கத்தல். மைதானமே திரும்பிப் பார்த்தது. கத்தியது தான்தான் என்பது ஜலஜாவுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அடுத்த சனிக்கிழமை கூடை இல்லாமல் போய் கேலரியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் பெண்ணின் பிரசவம் தவிர எதற்காகவும் அவள் ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை.

அந்த நாட்களில் வாண்டரர்ஸ் தோற்பதற்கென்றே ஆடிய அணி. நான்கு வருஷம் முன்னால் ஆண்டனி கோச்சாக வந்தார். ஒரு வங்கி அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். வந்த இரண்டாம் வருஷம் அணி மேல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த வருஷம் சீனியர் டிவிஷன். இந்த வருஷம் பட்டியலில் முதலிடம். ஆண்டனியின் வீடு ஜலஜாவின் வண்டி நிற்கும் தெருவிலேயே, பதினான்காம் நம்பர் அடுக்ககத்தில், இரண்டாம் மாடியில். கேலரியில் அவளுக்கு அதனால் ஒரு மரியாதை. "அக்கா, கோச் மூடு எப்படி கீது?" என்று ஆட்டத்துக்கு முன்னால் யாராவது கேட்பார்கள். "நல்லாத்தான் கீறாரு" என்பாள், டாக்டர் மாதிரி.

ஆனால் அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டாள். தொழிலில் அது அவளுடைய கட்டுப்பாடு. எந்த வீட்டுக்காரரின் சட்டை மூட்டையில் வருவது நின்றது, எந்தப் பெண்ணின் துப்பட்டாவில் மருந்து வாடை அடிக்கிறது, யாருடைய பேன்ட் பையில் என்ன சீட்டு கிடந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. அதனால்தான் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் துணியை எண்ணாமல் கொடுத்தார்கள்.

அந்த வியாழக்கிழமை, கேஸ் இஸ்திரிப் பெட்டியைப் பற்றவைத்து, அரக்குச் சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, எழுத்து உருகிவிடாமல் மிதமான சூட்டில் தேய்த்தாள். ஒழுங்காக மடித்து மூட்டைக்கு நடுவில் வைத்தாள். வேறு வீட்டுத் துணியை எடுத்தாள். ஒரே சட்டைக் கையை மூன்று முறை தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

பதினொரு மணிக்கு ஃபைசான் வந்தான். தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். வாண்டரர்ஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன்தான் அட்மின். தினமும் அந்த நேரத்தில் டீ வாங்கிக்கொண்டு ஜலஜாவிடம் ஒரு கப் கொடுத்துவிட்டுப் போவான்.

"இன்னாக்கா, மொகம் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல."

"உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

அவன் டீயை நீட்டினான். அவள் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். அவ்வளவுதான் அவளால் தாங்க முடிந்தது.

"ஃபைசானு, நம்ம கோச்சு போயிடுவாரா?"

"எங்க போறாரு?"

சொல்லிவிட்டாள். சட்டையின் நிறம், படகு, பந்து, முதுகில் இருந்த எழுத்து, ஒன்று விடாமல். ஃபைசானின் முகம் வெளுத்தது. கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தான்.

"மெய்யாலுமா?"

"என் கையால தேய்ச்சேன்டா. யாருகிட்டயும் சொல்லாத, இன்னா? உன்ன கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

"சத்தியமா சொல்லமாட்டேன்கா."

ஃபைசான் பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆனால் அவனுடைய மனசும் அவளுடையது மாதிரியே ஒரு மனசுதானே. கடைக்குப் போய் ஒரே ஒருவரிடம் சொன்னான். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கும் வெள்ளைச்சாமி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குழுவிலேயே நிதானமான ஆள். அவரிடம் தனியாகச் சொல்வதாக நினைத்துக் குரல் பதிவை அனுப்பினான். அனுப்பியது குழுவுக்கு. அழிப்பதற்குள் முப்பது பேர் கேட்டிருந்தார்கள். ஒரு மணிக்கு இருநூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. நல்லவேளை, பதிவில் அவன் ஜலஜாவின் பெயரைச் சொல்லவில்லை. 'துணி தேய்க்கிற எடத்துல பாத்தாங்களாம்' என்று மட்டும் சொல்லியிருந்தான். அந்தத் தெருவில் துணி தேய்க்கிற இடம் வேறு எது?

அன்று முழுக்க அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. 'மூணு மாசமா பேசிக்கினு கீறாங்களாம்.' 'வேற வீடே பாத்துட்டாராம்.' 'நம்ம கோலியையும் கூட்டிக்கினு போறாராம்.' அவள் சொன்னது ஒரு சட்டை. சாயங்காலத்துக்குள் அந்தச் சட்டைக்கு வீடும் வாசலும் வண்டியும் முளைத்துவிட்டன. வெள்ளைச்சாமி மட்டும் ஒரு குரல் பதிவு போட்டார்: "ஒரு சட்டைய வச்சு ஒரு மனுசன் கதைய எப்படிப்பா முடிக்கிதிய? கடைசி மேட்ச் வர பொறுங்க." அவருக்கு நாற்பது பேர் பதில் திட்டினார்கள்.

வீட்டில் ஏகாம்பரம் சாப்பிட உட்கார்ந்தபோது ஜலஜா தட்டை வைத்துவிட்டுக் குழம்பை வைக்க மறந்தாள்.

"இன்னா ஆச்சு உனக்கு?"

சொன்னாள்.

அவன் சிரித்தான். "அந்தாளு பட்டினப்பாக்கம் போனா உன் பொட்டி சூடாவாதா?"

"போன வருஷம் உன் மஞ்ச சட்டைக்காரங்க தோத்தப்ப மூணு நாளு லாரிய எடுக்காம குந்திக்கினு இருந்தியே, நான் சிரிச்சனா?"

ஏகாம்பரம் குழம்பைத் தானே எடுத்து ஊற்றிக்கொண்டான். பிறகு, "நீ சொன்னது தப்புதான் ஜலஜா," என்றான், தட்டைப் பார்த்தபடி. "ஆட்டத்துக்காவ சொல்லல. உன் தொயிலுக்காவ சொல்றேன்."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் தைக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு ஆட்டம். எதிரணி வேளச்சேரியிலிருந்து வந்திருந்தது. பட்டியலில் கடைசி இடம். கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்க வேண்டிய ஆட்டம். எப்போதும் அணி மைதானத்துக்குள் வரும்போது கேலரியில் கபாலி டிரம்மை அடிப்பான், மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டும். அன்று கபாலி டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு அடிக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆண்டனி கோட்டோரம் வந்து நின்றார். கேலரியைப் பார்த்தார். ஒரு கை உயர்த்தினார். யாரும் பதிலுக்கு உயர்த்தவில்லை.

இருபதாவது நிமிடத்தில் எவனோ ஒருத்தன் மேல் வரிசையிலிருந்து கத்தினான். "சார், அரக்கு சட்டைய வூட்லயே வுட்டுட்டு வன்ட்டீங்களா?"

கேலரி சிரித்தது. அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒரு பொட்டு இல்லை. ஆண்டனி திரும்பினார். கத்தியவனை அவர் தேடவில்லை. நேராக மூன்றாவது வரிசையில், எப்போதும் ஜலஜா உட்காரும் இடத்தைப் பார்த்தார். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தாள். செருப்பில் வாரே கிடையாது.

அதற்கப்புறம் 'துரோகி' என்ற சொல் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தது. வெள்ளைச்சாமி எழுந்து, "ஏய், ஆடுற பயலுவளுக்குக் கேக்குதுல்லா, சும்மா இருங்கல!" என்று கையை நீட்டிக் கத்தினார். எவரும் கேட்கவில்லை. ஆடுகிறவர்களுக்குக் கேட்கத்தான் செய்தது. பந்தைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவனும் கோச்சைத் திரும்பிப் பார்த்தான். கடைசி இடத்து அணி ஒரு கோல் போட்டது. வாண்டரர்ஸ் முக்கி முனகி ஒன்றைத் திருப்பிப் போட்டு டிரா செய்தது. முன்னிலை ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கியது. இனி கடைசி ஆட்டத்தில் இரண்டாம் இடத்துப் பட்டினப்பாக்கத்திடம் தோற்றால் கோப்பை அவர்களுக்கு.

திங்கட்கிழமை கோச் வீட்டு மூட்டை வரவில்லை. சனிக்கிழமை போட்ட சட்டைகள் திங்களன்று வருவது நான்கு வருஷப் பழக்கம். பத்து மணிவரை பார்த்தாள். ஜெனிதா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போக வண்டியைத் தாண்டித்தான் நடந்தார். "டீச்சர்," என்றாள் ஜலஜா. அவர் காதில் விழாத மாதிரி போனார். சேலை சரியாகத் தேய்க்கப்படாமல் கொசுவம் உப்பிக்கொண்டு நின்றது.

மத்தியானம் அதே அடுக்ககத்தின் மூன்றாம் மாடி மாமி பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். கீழே இறங்கி வந்து, வண்டியின் ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி ஜலஜா, கேள்விப்பட்டது நெஜமா? எங்காத்துத் துணியும் உன்கிட்டதானே வந்துண்டிருக்கு?"

"உங்க வூட்டப் பத்தி நான் எப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கேனாம்மா?"

"இத்தனை நாள் தொறந்ததில்லைதான்," என்றாள் மாமி. அப்படிச் சொல்லிவிட்டு, அன்றைய மூட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் இரண்டு அடி நடந்ததும் நின்று, "பன்னெண்டு உருப்படி," என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணிக் கொடுத்தாள்.

அந்தப் பன்னிரண்டு உருப்படியையும் ஜலஜாவால் ஒழுங்காகத் தேய்க்க முடியவில்லை. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கோச் போய்விடுவாரோ என்ற கவலை ஒரு பக்கம். தான் சொன்னதாலேயே போய்விடுவாரோ என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று அவளுக்கே பிடிபடவில்லை. கண்ணில் படுகிற அரக்கு நிறமெல்லாம், ஒரு பள்ளிக்கூடப் பாவாடைகூட, அவளைக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியை அணைத்துவிட்டுப் பதினான்காம் நம்பர் படியேறினாள். கதவைத் திறந்தது ஆண்டனிதான். உள்ளே ஜெனிதா டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சார், நான்தான் சொன்னேன்," என்றாள் ஜலஜா, வாசலிலேயே நின்று.

"தெரியும்."

"வாய் தவறி வந்துச்சு சார்."

"வாய் தவறல," என்றார் ஆண்டனி. குரல் உயரவில்லை, ஆனால் இறுகியிருந்தது. "என்னக் கேட்டிருக்கலாம்ல? தெனம் உன் வண்டியத் தாண்டித்தானே போறேன். 'சார், இன்னா இது'ன்னு ஒரு வார்த்த. சொல்லியிருப்பேன்."

அவள் முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க வந்து கேட்டாங்க. நெசந்தான். சட்டையும் அவங்களே அடிச்சு எடுத்தாந்து சோபால வெச்சிட்டுப் பூட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. லீக்கு முடியட்டும்னேன். ஜெனி புதுத்துணின்னா தண்ணில போட்டு எடுக்காம வெக்கமாட்டா. அது மூட்டைல வந்துடுச்சு. அவ்ளோதான் கத."

"அப்ப போவ மாட்டீங்களா சார்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இதைக் கேட்கலாமா? ஆனால் ஐந்து நாளாக அவளைத் தூங்கவிடாத கேள்வி அது. கேட்காமல் இறங்கிப் போக முடியாது.

ஜெனிதா டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "பாத்தீங்களா? அவளுக்கு இன்னும் அதுதான் கவலை," என்றார் புருஷனிடம்.

ஆண்டனி சிரிக்கவில்லை. "நான் பொறந்தது பட்டினப்பாக்கம். தெரியுமா உனக்கு? எங்கப்பா வல இழுத்த மணல்லதான் நான் பந்து ஒதைக்கக் கத்துக்கினேன். அங்க கீறவன்லாம் என் சித்தப்பன் பெரியப்பன் புள்ளைங்க. அவங்க 'வா நைனா, நம்ம பசங்கள நீ பாத்துக்க'ன்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்ல வரல எனக்கு. இத்த நான் மைக் புடிச்சு கேலரில சொல்லணுமா?"

நான்கு வருஷமாக அவருடைய சட்டைக் காலர் எந்தப் பக்கம் நைந்துபோகும் என்று தெரிந்தவளுக்கு அவர் எந்த ஊர் என்று தெரிந்திருக்கவில்லை. அவள் அதை ஒரு தடவையும் கேட்டதில்லை. கேலரியில் யாருமே கேட்டதில்லை.

"நான் அரக்குல போய் நின்னா இன்னா பண்ணுவ?" என்றார் திடீரென்று.

ஜலஜாவுக்குப் பொய் வரவில்லை. "தொண்டத் தண்ணி வத்துற வரைக்கும் திட்டுவேன் சார்," என்றாள்.

கோச்சின் மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. "சரி, போ," என்று கதவைச் சாத்தினார். மன்னித்தாரா இல்லையா என்பது படியிறங்கும்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தாள். சனிக்கிழமை மூன்று மணிவரை வண்டியில் நின்றாள். மூன்று ஐந்துக்குப் பெட்டியை அணைத்தாள். ஓட்டமும் நடையுமாகப் போய், மூன்றாவது வரிசைக்குப் போகாமல், கேட்டுப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நின்றாள்.

மைதானம் பிதுங்கி வழிந்தது. ஒரு பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் அரக்கு. ஆண்டனி வழக்கம்போல வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். இடது கையில் ஒரு மடிப்புக்கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்புக்கோடு. வீட்டில் யாரோ பழக்கமில்லாமல் தேய்த்திருக்கிறார்கள். முதல் பாதி முழுக்க அவள் கண் பந்தைவிட அந்தக் கையின் மேலேதான் அதிகம் இருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து, "அண்ணே, இந்தாண்ட வந்துடுங்கண்ணே!" என்று பட்டினப்பாக்கத்துக் கூட்டம் ஆண்டனியைக் கூப்பிட்டது. நீலக் கேலரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கோட்டோரம் நடந்துகொண்டே, "ஏறு, ஏறு, எடம் கீது!" என்று தன் பையன்களைத் துரத்திக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கம் இரண்டு முறை கோல் கம்பத்தில் அடித்தது. ஒரு முறை பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று ஐந்து நிமிடம் சண்டை நடந்தது. எண்பத்தேழாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை வாண்டரர்ஸின் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். மீதி நிமிடங்கள் எப்படிப் போயின என்று ஜலஜாவுக்கு நினைவில்லை. தண்ணீர்த் தொட்டியின் குழாயை அவள் இறுகப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை மந்தைவெளிக்கு.

கபாலி டிரம் கிழியும்படி அடித்தான். போன வாரம் 'துரோகி' என்று கத்தியவர்களே ஓடிப்போய்க் கோச்சைத் தோளில் தூக்கினார்கள். அவர், "எறக்கி வுடுங்கப்பா, எறக்கி வுடுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறக்கிவிட்டதும் எதிர்ப்பக்கம் நடந்துபோய், மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அரக்குப் பையன் ஒருத்தனின் தலையில் கை வைத்தார். ஆரவாரத்தில் நீலக் கேலரி அதைக் கவனிக்கவில்லை. ஜலஜா கவனித்தாள். அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஆண்டனி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்.

"ஜெனிக்கு இன்னும் கோவம் போவல. ஆனா நான் தேய்ச்ச பொடவயப் பாத்து இஸ்கூல்ல சிரிச்சாங்களாம். அதான்." சற்று நின்றார். "சாயங்காலம் ஆறு மணிக்கு கிளப்புல சொல்லப்போறாங்க. நான் போறேன் ஜலஜா."

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்கல்லாம் கத்துனதுக்காவப் போறேன்னு நெனைக்காத. கத்தாம இருந்திருந்தா இருந்திருப்பேனான்னு கேட்டா, அதுவும் எனக்குத் தெரியல. உன் மனசத் தேத்துறதுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது."

"எதுக்கு சார் என்கிட்ட மொதல்ல சொல்றீங்க?"

"எப்படியும் மூட்டைல தெரியப்போவுது," என்றார். பிறகு, "ஆறு மணி வரைக்கும் மனசுலயே வெச்சுக்க," என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

அன்றைய பகல் நகரவே மாட்டேன் என்றது. வாட்ஸ்அப்பில் குழு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. கோப்பை வாங்கிக் கொடுத்தவர் எப்படிப் போவார் என்று ஒரு பாதி. கோப்பை வாங்கியாச்சு, இனி எதுக்கு இருப்பார் என்று மறுபாதி. போன் அதிரும்போதெல்லாம் ஜலஜா அதை மூட்டைக்கு அடியில் தள்ளினாள். பதினொரு மணிக்கு ஃபைசான் டீயோடு வந்தான். அந்தக் குரல் பதிவுக்கு அப்புறம் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்து அன்றுதான் பேசினான்.

"அக்கா, கோச் வூட்டு மூட்ட வந்துடுச்சு போல."

"வந்துச்சு."

"எதுனா தெரிஞ்சுதா?"

"நாலு சட்ட, ரெண்டு பேன்ட்டு, மூணு பொடவ. கம்முனு டீயக் குடிச்சிட்டுப் போ."

அவன் அவளையே பார்த்தான். அவள் பெட்டியைத் தூக்கி அடுத்த சட்டையில் வைத்தாள். மத்தியானம் வெள்ளைச்சாமி கடையிலிருந்து போன் செய்தார். எடுக்கவில்லை. மாமி மூட்டை கொடுக்க வந்து, தானாகவே கோச் பேச்சை எடுத்து, பதில் வராததால் திரும்பிப் போனாள். நான்கு மணிக்கு ஜலஜா பெட்டியை அணைத்துவிட்டு ரயில் நிலையம் வரை நடந்துபோய், எந்த வேலையும் இல்லாமல் திரும்பி வந்தாள்.

ஆறு ஐந்துக்குச் செய்தி வந்தது. ஆறு பத்துக்கு ஃபைசான் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது.

"பூட்டாருக்கா."

"ஆமா."

"உனக்குக் காலைலயே தெரியும்."

"தெரியும்."

அவன் வண்டியின் சட்டத்தை ஓங்கி ஒரு அடி அடித்தான். கோபம் கோச் மேலா, அவள் மேலா, அன்று தவறாக விரல் வைத்த தன் மேலேயேவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தான். ஜலஜா தேய்த்த துணிகளை அடுக்கினாள். இரண்டு தெரு தள்ளி ரயில் ஒன்று போயிற்று.

"புது கோச்சு யாருன்னு எதுனா தெரியுமா?" என்றான் கடைசியில்.

"தெரியாது. மெய்யாலுமே தெரியாது."

"அந்த கே.கே. நகர் ஆளுன்னு சொல்றாங்க."

"எவன், அஞ்சு பேரப் பின்னால நிறுத்திட்டு மொத்த டீமையும் தூங்க வெப்பானே, அவனா?"

"அவன்தான்."

ஜலஜா கையிலிருந்த சட்டையை அப்படியே வண்டியில் போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் கல்லில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, அவன் வேணாம்டா," என்றாள். "இப்ப இருக்கற முன்வரிச பசங்க ரெண்டு பேரும் அவன்கிட்ட ஆடமாட்டானுங்க. மொதல்ல அவங்க ரெண்டு பேரும் இருக்கப்போறாங்களான்னு கேளு. போனப் போடு, வெள்ளைச்சாமிக்குப் போனப் போடு."